ரேடியோ அக்காவின் தொட்டி

எங்கள் இடத்துக்கு வருவதற்கு முன்னால் ரேடியோ அக்கா பார்த்த வேலை கிருமிகளைக் கொல்வது. ஊர்ப் பொது நீச்சல் குளத்தில் தண்ணீர்ப் பொறுப்பு முழுக்க அவளுடையது. காலையில் முதல் ஆள் குதிப்பதற்கு முன் குளோரின் கலந்து, கரையில் குப்புறப் படுத்து எட்டிப் பார்ப்பாளாம். அடியில் பதித்த ஓடுகளின் இடுக்கு மேலிருந்தே தெரிய வேண்டும். தெரிந்தால்தான் காபி தொண்டையில் இறங்கும். ஒருநாள் குளத்தை மூடி அந்த இடத்தில் கார் நிறுத்துமிடம் கட்டப்போவதாக அறிவித்தார்கள். "பரவாயில்ல, காருக்கு நீச்சல் தெரியாட்டியும் யாரும் முங்கிட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, ரப்பர் செருப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவள், அடுத்த வாரம் எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

பேச்சு ஓயாது என்பதால் ரேடியோ. அந்தப் பெயர் நீச்சல் குளத்திலேயே ஒட்டிக்கொண்டது. அவளோடு சேர்ந்து எங்களிடமும் வந்துவிட்டது. அவளுடைய வீட்டுக்காரர் தையல்காரர், வாயைத் திறக்காத மனிதர். "நீங்க ஏன் இவ்வளவு அமைதி?" என்று ஒருமுறை கேட்டேன். "இடைவேளை விட்டாதானேம்மா பேச" என்றார்.

எங்கள் இடம் என்றால், ஊருக்கு வெளியே இருக்கும் குப்பை மலையின் அடிவாரம். ஊர் தின்றது, உடுத்தது, உடைத்தது எல்லாம் வருஷக்கணக்காகக் கொட்டிக் கொட்டி மலையாகிவிட்ட இடம். மழைத் தண்ணீர் அந்த மலைக்குள் இறங்கி, அழுகியதையும் புளித்ததையும் துருப்பிடித்ததையும் கரைத்துக்கொண்டு, அடியில் மை போல வெளியே வரும். புத்தகங்களில் அதற்குக் கசிவுநீர் என்று பெயர். எங்கள் ஆட்களுக்கு அது கருப்புத் தண்ணி. பக்கத்தில் போனால் அமோனியா நெடி மூக்கைப் பிய்த்துக்கொண்டு மண்டைக்கு ஏறும். அந்தத் தண்ணீரை ஒரு பெரிய குட்டையில் தேக்கி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டிக்கு விட்டு, கோடிக்கணக்கான கிருமிகளுக்குத் தீனியாகப் போட்டுத் தின்னவைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்காகத்தான் புதிதாக ஒரு நிலையம் கட்டியிருந்தார்கள். நான் அங்கே பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தேன். கண்ணாடிக் குழாய், சொட்டு மருந்து, ஒரு நுண்ணோக்கி, கால் ஆடும் ஒரு நாற்காலி. அதுதான் என் ராஜ்ஜியம்.

வேலை கேட்டு வந்தவளிடம் இன்ஜினியர் மேடம் வழக்கமான கேள்வியைத்தான் கேட்டார். நெட்டையான, மெதுவாகப் பேசுகிற பெண் அவர். கவலை வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

"இந்த நாத்தத்துல வேலை பார்க்க யாருமே வர மாட்டேங்கறாங்க. நீங்க ஏன் வர்றீங்க?"

"கீழ ஒரு மீன் குளம் இருக்கே மேடம், அது எங்க அண்ணனோடது. போன மழைக்கு உங்க கருப்புத் தண்ணி வழிஞ்சு ஓடையில கலந்துச்சு. விடிஞ்சு பார்த்தா அத்தனை மீனும் வெள்ளை வயித்தைக் காட்டிட்டு மிதக்குது. அண்ணன் கரையில உக்காந்து அழுததை நான் பார்த்தேன். அந்தத் தண்ணிய ஒரு கை பார்க்கணும்."

மேடம் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துப் போட்டுக்கொண்டு, "நாளைக்கே வந்துடுங்க" என்றார்.

அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்றால் சும்மா இல்லை, பேச்சையே நிறுத்திவிட்டார். இருவர் வீடும் அடுத்தடுத்து, நடுவில் இடுப்பளவு சுவர். அண்ணன் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, தங்கையைப் பார்க்காமல் பெண்டாட்டியிடம் சொல்வார்: "அவகிட்ட சொல்லு, நம்ம மீனைக் கொன்னவங்ககிட்டயே போய் வேலைக்குச் சேர்ந்தவ எனக்குத் தங்கச்சி இல்லைன்னு." ரேடியோ அக்கா இந்தப் பக்கத்திலிருந்து, "அண்ணி, அவர்கிட்ட சொல்லுங்க, கொன்ன தண்ணியத் திருத்தத்தான் போறேன்னு" என்பாள். அண்ணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது? என்னை எதுக்குத் தபால்காரியாக்குறீங்க?" என்று உள்ளே போய்விடுவாராம். இதையெல்லாம் அக்கா எங்களிடம் நடித்தே காட்டுவாள். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் சொல்லி முடித்ததும் ஒரு நிமிஷம் சும்மா இருப்பாள். ரேடியோ சும்மா இருந்தால் எங்களுக்குத் தெரிந்துவிடும்.

முதல் நாள் தொட்டியின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து உள்ளே பார்த்தவள், "என்ன மேடம், ஒரே கலங்கலா இருக்கு! பிளீச்சிங் பவுடர் மூட்டை எங்க?" என்று சட்டைக்கையை மடித்துவிட்டாள். எலக்ட்ரீசியன் ஓடிவந்து குறுக்கே நின்றார். "தாயே, கிருமிங்களை வளர்க்கத்தான் இவ்வளவு பெரிய தொட்டி கட்டியிருக்கோம்!"

"வளர்க்கவா? கிருமியையா?"

அவளுக்கு அது அன்றைக்குப் புரியவில்லை. புரிந்தது, டேங்கர் லாரி வந்த அன்று. ஊர்ச் சாக்கடையைச் சுத்தம் செய்கிற பழைய நிலையத்திலிருந்து, கிருமிகள் நிறைந்த சேற்றுத் தண்ணீரை எங்களுக்கு விதையாக அனுப்பியிருந்தார்கள். காப்பிப் பொடி நிறத்தில் அது தொட்டிக்குள் கொட்டியது. தொட்டியின் அடியில் ஓடும் குழாய்கள் வழியாகக் காற்றை ஊதும் ப்ளோயரை எலக்ட்ரீசியன் தட்டிவிட்டார். தொட்டி முழுக்கக் குபுகுபுவென்று கொப்பளித்தது. அக்கா கைதட்டினாள். நான் அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்து அவளைக் கூப்பிட்டேன்.

ஒரு கண்ணை மூடத் தெரியவில்லை அவளுக்கு. கையால் பொத்திக்கொண்டு குனிந்தாள்.

"ஐயோ!" என்று பின்னால் குதித்தாள். மறுபடி குனிந்தாள். "ஐயோ, இங்க ஒண்ணு ஓடுது! அடியேய், இது என்னது, காம்பு மேல மணி கட்டின மாதிரி ஆடுது! சுருங்குது! திரும்ப நீளுது! இதுக்கு வாய் இருக்கா? இருக்குதே, சுத்திச் சுத்தி இழுத்து உள்ள போட்டுக்குதே! இது எல்லாம் ஒரு சொட்டுலயா?"

"ஒரு சொட்டுலதான். இதெல்லாம் பெரிய ஆளுங்க. அழுக்கைத் தின்னுற கிருமிங்க இதைவிட ரொம்பப் பொடி. இந்த மணிக்காரங்க நல்லா ஆடினா தொட்டி ஆரோக்கியமா இருக்குன்னு அர்த்தம்."

"நான் இத்தனை வருஷமா இதையா கொன்னேன்!" என்றாள். அடுத்த நொடியே, "சரி, அங்க ஜனங்க குளிக்கணும், அது வேற" என்று தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள். அன்று மதியம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. என் வேலை எல்லாம் அப்படியே கிடந்தது.

அதற்குப் பிறகு அவள் ஆளே வேறு. காலையில் வந்ததும் தொட்டியை ஒரு சுற்று சுற்றுவாள். நுரையின் நிறம், கொப்பளிக்கும் சத்தம், வாடை, எல்லாவற்றையும் பார்த்து, முகர்ந்து, காது கொடுத்துக் கேட்டு, பிறகு தொட்டியிடம் பேசுவாள். "என்னப்பா, ராத்திரி நல்லாச் சாப்பிட்டீங்களா? இன்னிக்கு மழைத் தண்ணி கலந்து சப்புன்னுதான் வரும், பொறுத்துக்கோங்க." எலக்ட்ரீசியன் கிண்டல் செய்வார். ஆனால் அவரும் போகிற போக்கில் தொட்டிக்கு ஒரு வணக்கம் போடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

தொட்டி மட்டும் கண்டுகொள்ளவில்லை. முதல் சில வாரம் தலைகீழாக நின்றும் ஒன்றும் நகரவில்லை. அழுக்கு கொஞ்சம் குறைந்தது, அமோனியா அசையவில்லை. சேறு அடியில் தங்காமல் பஞ்சு பஞ்சாக மிதந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் மணிக்காரர்கள் நாளுக்கு நாள் குறைந்தார்கள். அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. "வேகமா ஊட்டுறோம் மேடம், பச்சைப் பிள்ளை மாதிரி, கக்குதுங்க. பாதியாக் குறைங்க" என்றாள். மேடம் குறைத்தார். மாற்றமில்லை. "அப்போ குளிருதோ என்னமோ" என்றாள். குளிரவில்லை, அளந்து காட்டினேன். மேடத்தின் கண்ணாடி துடைத்துத் துடைத்தே தேய்ந்துவிடும் போலிருந்தது.

விடை எங்கள் கூடத்தில்தான் கிடந்தது. மேடம் ஒருநாள் என் எதிரில் உட்கார்ந்து, "இதுங்களுக்குச் சாப்பாட்டுல என்னதான் குறை? ஒவ்வொண்ணாப் பார்ப்போம்" என்றார். பார்த்தோம். கருப்புத் தண்ணியில் நைட்ரஜன் கொட்டிக் கிடந்தது. உப்புகள் இருந்தன. பாஸ்பரஸ் சோதனைக்கு மருந்து விட்டேன், குழாய் நீலமாக மாற வேண்டும். மாறவில்லை. தண்ணீர் போல நின்றது. இரண்டாவது தடவை விட்டேன். அப்படியேதான். மேடம் நெற்றியில் அடித்துக்கொண்டார். "பாஸ்பரஸ் சுத்தமா இல்ல! அது இல்லாம ஒரு உயிரும் ரெண்டாகப் பிரிய முடியாதே!"

"அப்படின்னா?" என்றாள் அக்கா.

"பெருக முடியாதுக்கா. எவ்வளவு தின்னாலும் குட்டி போட முடியாது."

"மலை மாதிரி சாப்பாட்டைக் குவிச்சு வெச்சுட்டு உப்பு போட மறந்துட்டோமா!" என்று அவள் எழுந்த வேகத்தில் என் கால் ஆடும் நாற்காலி சாய்ந்தே விட்டது.

பாஸ்பாரிக் அமிலம் வந்தது. மேடம் கணக்குப் போட்டுக் கொடுக்க, அக்கா கையுறை மாட்டி, சொட்டுக் குழாயைத் திருகி, சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சில நாளில் சேறு கனத்து அடியில் படிந்தது. மணிக்காரர்கள் கொத்துக் கொத்தாகத் திரும்பி வந்தார்கள். ஆனால் நாங்கள் காத்திருந்தது வேறொரு கூட்டத்துக்கு. அமோனியாவைத் தின்னும் கிருமிகள் ரொம்ப மெதுவாகப் பெருகுபவை. அவை வேலையைத் தொடங்கினால் அமோனியா நைட்ரைட்டாக மாறும். நைட்ரைட் இருக்கும் தண்ணீரில் என் சொட்டு மருந்தை விட்டால் இளஞ்சிவப்பு நிறம் வரும். தினமும் விட்டேன். தினமும் வெள்ளை. அக்கா தினமும் தோளுக்குப் பின்னால் நின்று, "வருதா?" என்பாள்.

ஒரு காலையில் மருந்தை விட்டுவிட்டுக் குழாயைக் குலுக்கினேன். அடியில் ஏதோ கலங்கியது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். மெல்ல, மெல்ல, குழந்தையின் கன்னம் போல, குழாய் முழுக்கச் சிவந்தது.

நான் கத்தியது மலை உச்சியில் மண் அள்ளும் இயந்திரம் ஓட்டுகிறவருக்குக் கேட்டதாம். அக்கா குழாயைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். எலக்ட்ரீசியனிடம் காட்டினாள், காவலாளியிடம் காட்டினாள், குப்பை லாரியை நிறுத்தி டிரைவரிடம் காட்டினாள். அவர் என்னவென்றே தெரியாமல், "வாழ்த்துக்கள்" என்றார். மேடம் அலுவலகத்திலிருந்து செருப்பில்லாமல் வந்தார். கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் அன்று கண்ணீரைத் துடைக்கத்தான்.

மாலையில் அக்கா சுவரோரம் நின்று அண்ணியிடம் சத்தமாகச் சொல்லியிருக்கிறாள், அந்தப் பக்கம் வலை பின்னிக்கொண்டிருந்தவர் காதில் விழட்டும் என்று. அவர் நிமிரவில்லை. ஆனால் ஊசி கொஞ்ச நேரம் ஓடவில்லை என்று மறுநாள் சொன்னாள்.

அமோனியா நாளுக்கு நாள் இறங்கியது. நல்லது நடக்க ஆரம்பித்துவிட்டது என்று நாங்கள் நிம்மதியாக மூச்சு விட்ட நேரத்தில் அந்தப் புயல் மழை வந்தது.

வானம் இரண்டு மூன்று நாளாகவே மூடிக் கிடந்தது. அன்று மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்திருப்போம், வெளியே டமார் என்று ஒரு சத்தம். சாலையோரத்து மின்கம்பம் சாய்ந்துவிட்டது. விளக்கு போனது. அதைவிட மோசமாக, நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டுக் காதுக்கே தெரியாமல் போயிருந்த ப்ளோயரின் இரைச்சல் நின்றது. எலக்ட்ரீசியன் ஜெனரேட்டரை நோக்கி ஓடினார். அது உறுமியது, இருமியது, ஓய்ந்தது. கூரைத் தகடு பிய்ந்து மழை நேராக அதன் மேலேயே கொட்டிக்கொண்டிருந்தது. அவர் ஈரம் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார். "இன்னிக்கு இது எழுந்திருக்காது மேடம்."

தொட்டி கொப்பளிப்பதை நிறுத்தியிருந்தது. தண்ணீரில் கரைந்த காற்றை அளக்கும் கருவியை உள்ளே விட்டேன். முள் பார்க்கப் பார்க்கச் சரிந்து பூஜ்யத்தில் படுத்தது.

மேடம் உடனே கருப்புத் தண்ணி உள்ளே வரும் வால்வை மூடச் சொன்னார். மூச்சு முட்டிக் கிடப்பவர்களுக்கு யாரும் சாப்பாடு ஊட்ட மாட்டார்கள். ஆனால் வால்வை மூடினால், மலையிலிருந்து வழியும் தண்ணீர் குட்டையிலேயே தேங்கும். மழை விடுவதாகத் தெரியவில்லை. குட்டை நிரம்பினால் கரை தாண்டி ஓடையில் இறங்கும். ஓடை எங்கே போகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"மேடம்" என்றாள் அக்கா. "எங்க அண்ணன்கிட்ட மிதவை இருக்கு. டீசல் இன்ஜின் வெச்சது. துடுப்புச் சக்கரம் சுத்தித் தண்ணிய அடிச்சுக் காத்தேத்தும். ரெண்டு வெச்சிருக்காரு."

"உங்ககூடப் பேசவே மாட்டாரே?"

"பேச வேண்டாம். மிதவையைக் கொடுத்தா போதும்."

சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கிவிட்டாள். நான் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். பத்தடி போவதற்குள் குடை பூ மாதிரி மேல்பக்கம் விரிந்துவிட்டது. அதைக் காவலாளியின் அறைக்குள் எறிந்துவிட்டு ஓடினேன். வரப்பெல்லாம் வழுக்கல். அக்கா முன்னால் விழுந்து எழுந்து ஓடிக்கொண்டிருந்தாள்.

மீன் குளத்தில் வேறொரு கலவரம். வெயிலே இல்லாத நாட்கள் என்பதால் குளத்திலும் காற்று குறைந்து, மீன்கள் கூட்டம் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. இரண்டு மிதவைகளும் சுற்றிக்கொண்டிருந்தன. அண்ணன் முழங்கால் தண்ணீரில் நின்றார். அண்ணி பம்பின் குழாயைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார்.

அண்ணன் எங்களைப் பார்த்தார். பெண்டாட்டி பக்கம் திரும்பினார். "அவகிட்ட கேளு, என்ன வேணுமாம்?"

"நீங்களே கேளுங்க. எனக்குக் கை ஒழியல" என்றார் அண்ணி.

வேறு வழியில்லாமல் திரும்பினார். "என்ன வேணும்?"

நாள் முழுக்கப் பேசுகிற அக்காவுக்கு மூச்சு வாங்கியது. ஒரே வார்த்தைதான் வந்தது. "காத்து."

"என்னது?"

"காத்து வேணும்ணா. எங்க தொட்டியில நின்னு போச்சு. மிதவை ஒண்ணு கொடு."

"மீனு வாயைத் தூக்கிட்டு நிக்கறது கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுதுண்ணா. கொடுக்கலைன்னா உன்னைத் திட்ட மாட்டேன். ஆனா கேக்காமப் போனா எனக்கு மனசு ஆறாது."

"உங்க கிருமி செத்தா வேற கொண்டாந்து போடறது. லாரியிலதானே வந்துச்சு?"

லாரி வந்தது அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு ஆச்சரியம். அத்தனை நாளும் கீழேயிருந்து பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்.

"லாரியில வந்தது வேறண்ணா. இப்ப இருக்கறது அந்தக் கருப்புத் தண்ணியையே தின்னு பழகின கூட்டம். ஒண்ணு ஒண்ணாப் பெருக்கி, இப்பதான் நிமிர்ந்து நிக்குதுங்க. மறுபடி முதல்லேர்ந்துன்னா மாசக்கணக்காகும். அதுவரைக்கும் அந்தத் தண்ணி எங்க வரும்னு நான் சொல்லணுமா?"

மழை அவர் முகத்தில் வழிந்தது. துடைக்கவில்லை. மீன்களைப் பார்த்தார். பிறகு, யாரிடமோ கேட்பது போல, "குஞ்சு வளர்த்த மாதிரியா?" என்றார்.

"குஞ்சு வளர்த்த மாதிரியேதாண்ணா."

அவர் குளத்துக்குள் இன்னும் ஆழமாக இறங்கி மிதவையின் கயிற்றை அவிழ்த்தார். "டிராக்டர் சாவி எங்கடி?" என்று கத்தினார்.

"உங்க சட்டைப் பையிலதான்!" என்று அண்ணி கத்தினார். "நீங்க போங்க, நான் இங்க விடாம அடிச்சுட்டிருக்கேன்!"

டிராக்டர் குப்பை மலைச் சாலையில் ஏறியது. பின்னால் டிரெய்லரில் மிதவை. அது சாயாமல் ஒரு பக்கம் நான், மறுபக்கம் அக்கா. ஒரு திருப்பத்தில் பின்சக்கரம் சேற்றில் வழுக்கி, டிரெய்லர் பள்ளத்தைப் பார்த்து நழுவியது. அக்கா ஊரே கேட்கிற மாதிரி, "இடதுண்ணா, இடது, இடது!" என்று அலறினாள். அண்ணன், "எனக்கு இடது வலது தெரியும்!" என்று பதிலுக்கு அலறினார். வண்டி நிமிர்ந்தது. இரண்டு பேரும் நேருக்கு நேர் சண்டை போட்டு எத்தனை காலமாயிற்று என்று நினைத்தேன், சிரிப்பு வந்துவிட்டது.

தொட்டியோரம் மண் அள்ளும் இயந்திரம் தயாராக நின்றது. மேடம் அதற்குள் மலை உச்சியிலிருந்து அதை இறக்கிவைத்திருந்தார். இயந்திரத்தின் நீண்ட கையில் கயிறு கட்டி மிதவையைத் தூக்கினோம். அது காற்றில் ஊஞ்சலாடியது. "மெதுவா! மெதுவா!" என்று ஆளுக்கு ஒரு பக்கம் கத்த, ஓட்டுநர் கதவைத் திறந்து, "ஒருத்தர் மட்டும் கத்துங்கய்யா, யார் சொல்றதைக் கேக்கறது?" என்றார். எல்லோரும் அக்காவைக் காட்டினோம். அவள் குரலுக்கு மிதவை அங்குலம் அங்குலமாக இறங்கி, தொட்டித் தண்ணீரில் உட்கார்ந்தது. அண்ணன் எட்டிக் குதித்து அதன் மேல் ஏறி, இன்ஜின் கயிற்றை இழுத்தார். ஒன்று. இரண்டு. மூன்றாவது இழுப்பில் அது தடதடவென்று பிடித்துக்கொண்டது.

சக்கரம் சுற்றியதும் தொட்டியே எழுந்து வந்தது போலிருந்தது. பழுப்பு நுரை ஆளுயரத்துக்குப் பறந்தது. மேடம், எலக்ட்ரீசியன், நான், காவலாளி, எல்லோரும் தலையிலிருந்து கால்வரை நுரையில் குளித்தோம்.

"துடுப்பை ஒசத்தணும்!" என்று அண்ணன் மிதவையிலிருந்து கத்தினார். "இந்தத் தண்ணி கனமா இருக்கு, இன்ஜின் திணறுது! அந்த ஸ்பானரை எறிங்க!" எலக்ட்ரீசியன் எறிந்தார். அண்ணன் துடுப்புகளை மேலேற்றி முடுக்கினார். சத்தம் சீரானது.

மேடத்தின் கண்ணாடி முழுக்க நுரை. துடைக்கவும் காய்ந்த துணி இல்லை. "என்ன காட்டுது? எனக்குத் தெரியல, என்ன காட்டுது?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் கருவியைச் சட்டைக்குள் மறைத்து மழையிலிருந்து காப்பாற்றிக்கொண்டு முள்ளைப் பார்த்தேன். படுத்துக் கிடந்தது. படுத்தே கிடந்தது. பிறகு துடித்தது. தலையைத் தூக்கியது.

"ஏறுது மேடம்! ஏறுது!"

அக்கா கம்பியைப் பிடித்துக் குதித்தாள். "மூச்சு விடுங்கப்பா! நல்லா இழுத்து விடுங்க! எங்க அண்ணன் வந்திருக்காரு!"

அன்று பொழுது சாயும் வரை அந்த ஒற்றைச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. ப்ளோயரில் வருவதில் பாதிக் காற்றுகூட இல்லை. ஆனால் உயிரைப் பிடித்து வைக்க அது போதும். மேடம் வால்வை ஒரு நூலளவு திறந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினார். குட்டையில் தண்ணீர் கரையை எட்டுவதற்கு ஒரு சாண் இருக்கும்போது மழை தணிந்தது. இருட்டத் தொடங்கும் நேரம் கம்பத்தை நிமிர்த்திவிட்டார்கள். விளக்கு வந்தது. ப்ளோயர் இரைந்தது. அந்த இரைச்சலைப் போல இனிமையான ஒன்றை நான் கேட்டதே இல்லை.

அண்ணன் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் டிராக்டரை எடுத்துக்கொண்டு இறங்கினார். அவருடைய குளத்தில் சில மீன்கள் போய்விட்டன. அண்ணி கை வீங்கும்வரை குழாயைப் பிடித்திருந்ததால் மற்றவை பிழைத்தன. போன மீன்களைப் பற்றி அவர் ஒரு நாளும் எங்களிடம் சொல்லிக்காட்டியதில்லை.

மறுநாள் காலையில் நான் பூட்டைத் திறப்பதற்குள் அக்கா வாசலில் நின்றாள், கையில் தொட்டித் தண்ணீர் நிரம்பிய குப்பி. மிதவையை எடுத்துப் போக வந்த அண்ணனும் பின்னால் நின்றார். ஒரு சொட்டு வைத்து நான் குனிந்தேன். முதலில் பார்த்த மணிக்காரர் சுருண்டு கிடந்தார். அடுத்தவரும் அப்படியே. கண்ணாடித் தகட்டைக் கொஞ்சம் நகர்த்தினேன். அங்கே ஒரு கொத்து. எல்லோரும் காம்பை நீட்டி, வாயைச் சுழற்றி, ஒன்றுமே நடக்காதது போலத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"சாப்பிடுதுங்கக்கா!"

அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு அண்ணனின் கையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்காரவைத்தாள். அவர் ரொம்ப நேரம் நிமிரவில்லை. கடைசியில், "கூட்டமாத்தான் இருக்கு" என்றார். கொஞ்சம் கழித்து, "எல்லாம் ஒரே வயசா, இல்ல பெருசு சின்னது இருக்கா?" என்று கேட்டார். அக்கா அவர் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து ஆரம்பித்தாள். மதியம்வரை நிறுத்தவில்லை. அவரும் எழுந்து போகவில்லை.

அமோனியா முழுக்க இறங்குவதற்கு இன்னும் பல வாரங்கள் பிடித்தன. தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கடைசிவரை வெளிர்த் தேநீர் நிறத்திலேயே இருந்தது. அந்த நிறத்தைக் கிருமிகளால் தின்ன முடியாது. அதை உறிஞ்சி எடுக்கக் கரித்தூள் படுகை ஒன்று கட்டினோம். அதைத் தாண்டி வந்த தண்ணீரில் குஞ்சு மீன்களை விட்டுப் பார்க்கலாம் என்று சொன்னது அண்ணன்தான். தன் குளத்திலிருந்தே கொண்டுவந்து விட்டார். காலையிலும் மாலையிலும் வந்து எட்டிப் பார்த்தார். குஞ்சுகள் வளர்ந்தன. சோதனை அதிகாரிகள் வந்தார்கள், குப்பிகளை நிரப்பிக்கொண்டு போனார்கள், ஓடையில் விடலாம் என்று சொன்னார்கள்.

மதகைத் திறந்த நாள் நல்ல வெயில். சக்கரத்தைத் திருகும் உரிமை யாருக்கு என்று பேச்சு வந்தபோது மேடம் அக்காவின் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தார். அவள் திருகினாள். தண்ணீர் முதலில் தயங்கி, பிறகு ஒரே பாய்ச்சலாக வாய்க்காலில் விழுந்தது. நாங்கள் கைதட்ட ஆரம்பித்தோம். அக்காவோ எங்களைத் திரும்பியே பார்க்கவில்லை. ஓடும் தண்ணீரின் தலைப்பைப் பிடித்துவிடுகிறவள் மாதிரி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையோரமாக ஓடினாள்.

"அண்ணா! அண்ணீ! வருது பாருங்க! நாங்க பண்ணின தண்ணி வருது!"

தண்ணீர் கல்லில் முட்டி வளைந்தது, அவளும் வளைந்தாள். கொஞ்சம் தேங்கியது, அவளும் நின்று, "ஏன் நிக்கிற, போ, போ!" என்று விரட்டினாள். மறுபடி ஓடியது, மறுபடி ஓடினாள். மேட்டைத் தாண்டி ஆள் மறைந்த பிறகும் குரல் மட்டும் எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. மேடம் என்னைப் பார்த்தார், நான் எலக்ட்ரீசியனைப் பார்த்தேன். அப்புறம் நாங்களும் வாய்க்கால் கரையில் ஓட ஆரம்பித்தோம்.